பிளாங்க் சிடி, டிவிடி: எது நல்லது, எது எதில் ஓடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலையில் 2001 முதல் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து, டிஸ்க்கில் எழுதிக் கொடுத்து வருகிறேன். இப்போது கல்யாண வீட்டார் பென் டிரைவ்தான் கேட்கிறார்கள். ஆனாலும் பழைய டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். புது டிஸ்க் எது வாங்கலாம் என்று கேட்டு மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் போன் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் பிளாங்க் டிஸ்க் யாருக்குத் தேவை?

நினைப்பதைவிட அதிகம் பேருக்கு. பழைய காரில் சிடி பிளேயர் மட்டும் உள்ளவர்கள், கோயில் பாடகர் குழுவினர், வழக்குக்கு சிசிடிவி காட்சியைப் பதிந்து கொடுக்க வேண்டியவர்கள், எம்ஆர்ஐ படங்களைச் சிடியில் தரும் ஸ்கேன் சென்டர்கள். இவர்களோடு, வீட்டுப் படங்களை யாரும் தவறி அழித்துவிட முடியாத ஒன்றில் வைக்க விரும்புகிறவர்களும் உண்டு. பென் டிரைவில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் போய்விடும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிஸ்க்கில் அது நடக்காது.

எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது?

இதற்கு ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் இருக்கும் பெயர் வேறு, டிஸ்க்கைச் செய்த தொழிற்சாலை வேறு. பெரிய பெரிய பெயர்கள்கூட தைவானிலோ இந்தியாவிலோ யாரோ ஒருவரிடம் செய்து வாங்கி, தங்கள் பெயரை அச்சடித்து விற்றன. ஒரே பெயரில், ஒரே அட்டையில், இந்த மாதம் ஒரு தொழிற்சாலைச் சரக்கும் அடுத்த மாதம் இன்னொரு தொழிற்சாலைச் சரக்கும் வரும். "போன தடவை நல்லா இருந்துதே, இந்தத் தடவை மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

எழுதக்கூடிய சிடியை முதலில் உருவாக்கியது ஜப்பானின் தையோ யூடன். 1988இல் அவர்கள் செய்து காட்டினார்கள். அவர்கள் சரக்கு கைக்கு வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறேன். 2015 முடிவோடு அவர்கள் இந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள். இன்னொரு நல்ல பெயர் வெர்பேட்டிம். அது ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் கையில் இருந்தது. 2019இல் அந்தத் தொழிலைத் தைவானின் சிஎம்சி மேக்னெட்டிக்ஸுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. ஆகவே பழைய வெர்பேட்டிமைப் பற்றிக் கேட்ட நல்ல பேச்சையெல்லாம் இன்றைய சரக்குக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. தைவானில் ரிடெக் இன்னொரு பெரிய தயாரிப்பாளர்.

நம் நாட்டில் மோசர் பேயர் இருந்தது. நொய்டாவில் செய்தார்கள், உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தார்கள், வேறு பெயர்களுக்கும் செய்து கொடுத்தார்கள். தமிழ்ப் படச் சிடிகளையும் டிவிடிகளையும் மிக மலிவாக விற்றதால் நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை அந்தப் பெயர் தெரியும். 2018இல் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவானது. இன்றும் அந்தப் பெயரில் சீல் பிரிக்காத பாக்கெட் எங்காவது கண்ணில் பட்டால் அது பழைய இருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு எழுதும் டிஸ்க்கிலும் தயாரிப்பாளரின் குறியீடு முன்கூட்டியே பதிந்திருக்கும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பிளாங்க் டிஸ்க்கை உள்ளே போட்டால் வலது பக்கத்தில் காட்டும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி, டிஒய்ஜி என்றால் தையோ யூடன், சிஎம்சி மேக் என்றால் சிஎம்சி, எம்பிஐ என்றால் மோசர் பேயர். டிவிடி ரைட்டரும் இந்தக் குறியீட்டைப் படித்துத்தான் எவ்வளவு லேசர் சக்தியில், எந்த முறையில் எழுத வேண்டும் என்று முடிவு செய்கிறது. தெரிந்த குறியீடு என்றால் அதற்கென்று வைத்திருக்கும் அளவில் எழுதும். தெரியாத குறியீடு என்றால் பொதுவான அளவில் எழுதும், அங்கேதான் தரம் குறையும். புது டிஸ்க் பழைய ரைட்டரில் சரியாக எழுதாமல் போவதற்கும், ரைட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் அதே டிஸ்க் ஒழுங்காக எழுதுவதற்கும் இதுதான் காரணம்.

குறியீட்டையே போலியாகப் போட்ட சரக்கும் சந்தையில் வந்ததுண்டு. அதனால் குறியீட்டைப் பாருங்கள், அத்தோடு நிறுத்தாமல் கீழே சொல்லும் சோதனையும் செய்யுங்கள்.

அடிப்பக்கம் நீலம், பச்சை, தங்கம் என்று இருக்கிறதே, நிறத்தை வைத்துத் தரம் சொல்லலாமா?

சிடியில் ஓரளவு சொல்லலாம். எழுதும் சிடிக்குள் ஒரு சாயப் படலம் இருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் பதிவு செய்கிறது. சயனின் சாயம் போட்டது பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ தெரியும், அது வெளிச்சத்துக்குக் கொஞ்சம் பயப்படும். அடர் நீலமாக இருந்தால் பெரும்பாலும் அசோ சாயம். தலோசயனின் ஏறக்குறைய நிறமே இல்லாதது, அதனால் பின்னால் இருக்கும் வெள்ளியோ தங்கமோ அப்படியே தெரியும். பின்னவை இரண்டும் வெயிலைச் சயனினைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் படலத்தைச் சீராகப் பூசாவிட்டால் எந்தச் சாயமும் பயன் தராது. டிவிடியில் எல்லாமே ஊதாவாகத்தான் தெரியும், நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பின்னால் இருக்கும் உலோகப் படலம் பெரும்பாலும் வெள்ளி. வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே குணம் இங்கேயும் உண்டு. தங்கப் படலம் போட்ட டிஸ்க் கறுக்காது, விலை கூடுதல்.

டிவிடி மைனஸ் ஆர் வாங்கவா, பிளஸ் ஆர் வாங்கவா?

இரண்டும் ஒருமுறை எழுதும் டிவிடி வகைகள்தான். வீட்டில் இருக்கும் பழைய டிவிடி பிளேயரில் ஓட வேண்டும் என்றால் மைனஸ் ஆர். மைனஸ் முதலில், 1997இல் வந்தது. பிளஸ் ஆர் 2002இல்தான் வந்தது. அதனால் பழைய பிளேயர்களில் மைனஸ் ஓடும் வாய்ப்பு அதிகம். கல்யாண டிவிடிக்கு நான் எப்போதும் மைனஸ்தான் பயன்படுத்தினேன். பிளஸ் ஆரில் ஒரு வசதி உண்டு: 'நான் தொழிற்சாலையில் அச்சடித்த டிவிடி' என்று பிளேயரிடம் சொல்லும்படி, டிஸ்க் எந்த வகை என்று காட்டும் புக் டைப் குறிப்பைச் சில ரைட்டர்கள் மாற்றிக் கொடுக்கும். அப்படி எழுதினால் அடம்பிடிக்கும் பிளேயர்கூடப் பல நேரம் ஏற்றுக்கொள்ளும். கணினியில் மட்டும் பார்க்க எது என்றாலும் சரி.

ஆர்டபிள்யூ டிஸ்க் வாங்கினால் திரும்பத் திரும்ப எழுதலாமே?

எழுதலாம், சுமார் ஆயிரம் முறை என்று கணக்கு. ஆனால் அதில் சாயம் இல்லை, உருகி உறையும் உலோகக் கலவை இருக்கிறது. அது ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். சாதாரண சிடி ஏறக்குறைய எழுபது சதவீத ஒளியைத் திருப்பினால் சிடி-ஆர்டபிள்யூ பதினைந்து முதல் இருபத்தைந்து சதவீதம்தான் திருப்பும். பழைய கார் பிளேயருக்கும் விசிடி பிளேயருக்கும் அது கண்ணிலேயே படாது. எடிட் செய்ததைச் சோதித்துப் பார்க்க மட்டும் நான் ஆர்டபிள்யூ வைத்திருந்தேன். பாதுகாத்து வைக்க வேண்டியதை அதில் போடாதீர்கள்.

எந்த வேகத்தில் எழுத வேண்டும்?

எக்ஸ் என்பது அடிப்படை வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதன் குறி. 16 எக்ஸ் என்று போட்ட டிவிடியை 8 எக்ஸில் எழுதுங்கள். 52 எக்ஸ் சிடியை 16 எக்ஸிலிருந்து 24 எக்ஸுக்குள் எழுதுங்கள். மெதுவாக எழுத எழுத நல்லது என்று நினைத்து மிகவும் கீழே போவதும் சரியில்லை. இன்றைய சாயங்கள் வேக எழுத்துக்காகச் செய்தவை, 1 எக்ஸ் 2 எக்ஸில் சில நேரம் பிழை கூடும். நடு வேகம்தான் பத்திரம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2008இல் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது டிவிடி எழுத வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்த நூறு டிஸ்க் அடுக்கு ஒன்றை வாங்கி, அவசரத்தில் எல்லாவற்றையும் 16 எக்ஸில் எழுதிக் கொடுத்தேன். என் கணினியில் எல்லாமே ஓடின. ஒரு வாரத்தில் பெண்ணின் தாய்மாமன் வந்து, "தம்பி, மறுவீடு வரும்போது படம் கட்டம் கட்டமா நிக்குது" என்றார். இன்னும் பதினோரு வீட்டில் அதே புகார். எல்லோருக்கும் கடைசிப் பகுதியில்தான் தகராறு. டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. முழு வேகத்தில் எழுதும்போது ரைட்டர் அதிக வேகத்தைத் தொடுவது வெளிவிளிம்பில். மலிவு டிஸ்க்கில் சாயம் சீராக இல்லாமல் போவதும் அங்கேதான் அதிகம். இரண்டும் சேர்ந்து மறுவீட்டைத் தின்றுவிட்டன. கேமராவில் பதிந்த மூல டேப் (மினி DV) கையில் இருந்ததால் நாற்பதையும் வேறு டிஸ்க்கில் 8 எக்ஸில் எழுதி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு டிவிடியை 8 எக்ஸில் எழுத ஏழெட்டு நிமிடம் ஆகும். 16 எக்ஸில் மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடம்தான். அந்த நிமிடங்களுக்காக ஒரு வீட்டின் நிகழ்ச்சியைப் பணயம் வைக்கக் கூடாது.

4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது, கணினியில் 4.38தான் காட்டுகிறதே, ஏமாற்றா?

இல்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024ஆல் வகுத்து எண்ணுகிறது. இடம் ஒன்றுதான், கணக்குதான் இரண்டு. அந்த 4.38ஐயும் முழுக்க நிரப்பாதீர்கள். 4.1 வரை போதும். வெளிவிளிம்பு கைபடும் இடம், ஈரம் முதலில் நுழையும் இடம், பிழை முதலில் தலைகாட்டும் இடம்.

கணினியில் ஓடுகிறது, டிவிடி பிளேயரில் ஓடவில்லை. டிஸ்க் மோசமா?

அவசரப்பட்டு டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். முதலில், ஃபைனலைஸ் செய்தீர்களா என்று பாருங்கள். எழுதி முடித்தபின் டிஸ்க்கை மூடி முத்திரை வைப்பதுதான் அது. மூடாத டிஸ்க்கை எழுதிய ரைட்டர் படித்துவிடும், பிளேயர் படிக்காது.

அடுத்து, வீடியோ ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டு எழுதினால் அது டேட்டா டிஸ்க். எம்பி4 படிக்கத் தெரியாத பிளேயருக்கு அது காலி டிஸ்க் மாதிரிதான். டிவிடி வீடியோவாக மாற்றி எழுத வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் பயன்படுத்துவது பால் (PAL) என்ற டிவி முறை, நொடிக்கு 25 படம், 576 வரி. துபாய், தோஹா, குவைத்திலும் பால்தான், நம் டிவிடி அங்கே தடையில்லாமல் ஓடும். அமெரிக்காவில் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. நம் டிவிடியை அங்குள்ள பல பிளேயர்கள் காட்டாது, கணினியில் மட்டும் ஓடும். குளச்சலில் ஒரு அக்கா, அமெரிக்காவில் இருக்கும் தன் மகனுக்கு அனுப்பிய டிவிடியை மூன்று முறை மாற்றி எழுதச் சொன்னார், டிஸ்க் மேல்தான் சந்தேகம். என்டிஎஸ்சியில் மாற்றிக் கொடுத்ததும் ஓடிவிட்டது.

நின்று நின்று ஓடுகிறது என்றால் பிட்ரேட்டை, அதாவது வீடியோ நொடிக்கு எவ்வளவு டேட்டா எடுக்கிறது என்பதை, பாருங்கள். டிவிடியின் உச்ச அளவு நொடிக்கு 10 மெகாபிட் சொச்சம். எழுதிய டிஸ்க்கில் அவ்வளவு வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர் திணறும். நான் 7க்கு மேல் போவதில்லை. அந்தக் கணக்கில் ஒரு டிஸ்க்கில் ஒன்றேகால் மணி நேரம் நல்ல தரத்தில் வரும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் அடைக்கச் சொல்பவர்களிடம் இரண்டாகப் பிரித்துத் தருகிறேன் என்று கேட்டுப் பார்ப்பேன்.

காரில் எம்பி3 சிடி ஓடவில்லை.

சிடி-ஆர் வாங்குங்கள், ஆர்டபிள்யூ வேண்டாம். 700 எம்பிக்குள் எழுதி மூடுங்கள். பாட்டுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைத்தால் பழைய கார் பிளேயர் கட்டம் கட்டமாகக் காட்டும், சிலது அந்தப் பாட்டைத் தாண்டியே போய்விடும். ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக வைத்து, முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். எம்பி3 என்று காரில் எழுதவே இல்லை என்றால் ஆடியோ சிடியாகத்தான் எழுத வேண்டும், 80 நிமிடம்தான் பிடிக்கும். டிஸ்க் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெயிலில் நின்ற காருக்குள் பசை இளகி, ஸ்டிக்கர் சுருண்டு, டிஸ்க் பிளேயருக்குள் மாட்டிக்கொள்ளும்.

மேலே எந்தப் பேனாவால் எழுதுவது?

தண்ணீர் அடிப்படையிலான, முனை மெத்தென்ற மார்க்கர். பால்பாயிண்ட் கூடவே கூடாது. முடிந்தால் நடுவில் கண்ணாடி போல இருக்கும் வளையத்தில் எழுதுங்கள், அங்கே பதிவு கிடையாது.

கீறல் எந்தப் பக்கம் விழுந்தால் ஆபத்து?

எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். சிடிக்கு ஆபத்து மேல்பக்கம். 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட், அதன் மேல் சாயம், அதன் மேல் வெள்ளி, அதற்கு மேல் வெறும் வார்னிஷ் பூச்சு, அவ்வளவுதான். பெயர் எழுதும் பக்கம் ஆழமாகக் கீறினால் பதிவே உரிந்து வந்துவிடும், யாராலும் மீட்க முடியாது. அடிப்பக்கக் கீறலைப் பல நேரம் பாலிஷ் போட்டுச் சரி செய்யலாம்.

டிவிடி வேறு மாதிரி. 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி, நடுவில் பதிவு இருக்கிறது. மேலே கீறினாலும் தாங்கும். ஆனால் வளைத்தால் ஒட்டு விடும். பெட்டியின் நடுப்பல்லை அழுத்தாமல் டிஸ்க்கைப் பிடுங்கும் பழக்கத்தை விடுங்கள். புளூ-ரேயில் பதிவு அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. கெட்டியான பூச்சு போட்டிருப்பதால்தான் அது பிழைக்கிறது.

எழுதிய டிஸ்க் எத்தனை வருடம் இருக்கும்?

நூறு வருடம் என்று அட்டையில் போடுவார்கள். குளிர்ந்த, உலர்ந்த, இருட்டான இடத்துக்கான கணக்கு அது. ஆவணக் காப்பகங்களுக்குச் சொல்லும் அளவு 20 டிகிரிக்குக் கீழே வெப்பம், 50 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம். நம் மாவட்டத்தில் எந்த வீட்டில் அது இருக்கிறது? வைகாசி கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி கார்த்திகை மழை. இரண்டு மழையும் நமக்கு உண்டு. கடலோரம் என்றால் உப்புக்காற்று வேறு. முட்டத்திலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் வரும் டிஸ்க்கையும் குலசேகரம் பக்கமிருந்து வரும் டிஸ்க்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. கடலோர டிஸ்க்கின் விளிம்பில் மங்கல் சீக்கிரம் வருகிறது. மலையோர டிஸ்க்கில் பூஞ்சை அதிகம்.

வைக்கும் முறை: ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கெட்டிப் பெட்டி. புத்தகம் போல நின்ற நிலையில் வையுங்கள். ஜிப் வைத்த ஆல்பத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உறை வெக்கையில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தடம் விழும். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மேற்குப் பார்த்த சுவரில் இருக்கும் அலமாரி வேண்டாம், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணும் வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையை ஒட்டிய சுவரிலும் வைக்காதீர்கள். நம் ஊரில் இது பல வீட்டில் நடக்கிறது.

பழைய டிஸ்க் படிக்க மாட்டேன் என்கிறது, தூக்கிப் போட்டுவிடவா?

தயவுசெய்து போடாதீர்கள். என்னால் முடிந்தவரை பார்த்துத் தருகிறேன்.

ஈத்தாமொழிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஆறு சிடி கொண்டுவந்தார். 2005இல் அவர்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டு. "அண்ணே, எங்க பாட்டா பாடினது இதுல மட்டும்தான் இருக்கு" என்றார். பாட்டா என்றால் எங்கள் பக்கம் தாத்தா, அவர் இறந்து எட்டு வருடமாம். ஆறில் நான்கு சுலபமாக வந்துவிட்டன. இரண்டு, உறையோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்திருந்தன. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் விழுந்தால் அது பதிவுத் தடத்தோடு கூடவே ஓடும், பிழைதிருத்தத்தால் ஈடுகட்ட முடியாது. குறுக்குக் கீறலைத் தாண்டிவிடும்.

அப்புறம் கையில் இருந்த ஐந்து டிரைவிலும் மாறி மாறிப் போட்டேன். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும், இது அடிக்கடி நடக்கிறது. பழைய சிடி ரைட்டர் ஒன்றுதான் மிகவும் பொறுமையாகப் படித்தது. வேகத்தை 4 எக்ஸுக்கு இறக்கி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும் மென்பொருளை ஓடவிட்டு, இரவு முழுக்க விட்டேன். ஒன்று முழுதாக வந்தது. மற்றதில் கடைசி ஒன்பது நிமிடம் வரவில்லை. உடுக்கையும் குடமும் தாளமும் சேர்ந்து வேகமெடுக்கும் இடத்தில் அது நின்றுவிடுகிறது. அந்தத் தம்பி கடையில் உட்கார்ந்து கேட்டார், நானும் கூட இருந்து கேட்டேன்.

அந்த ஒன்பது நிமிடம் போனதற்கு ஒரு காரணம், அதை ஆடியோ சிடியாக எழுதியிருந்ததுதான். ஆடியோ சிடியில் ஒரு துண்டின் 2352 பைட்டும் பாட்டுக்கே போகிறது. டேட்டா சிடியில் 2048தான் நமக்கு, மீதியில் பெரும்பகுதி கூடுதல் பிழைதிருத்தம். ஆகவே பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவை ஆடியோ சிடியாக மட்டும் வைக்காதீர்கள். வேவ் ஃபைலாக ஒரு டிவிடியில் டேட்டாவாகவும் எழுதுங்கள். வில்லுப்பாட்டு, கணியான் பாட்டு, கோயில் பாடகர் குழுவின் பழைய பாட்டு என்று நம் மாவட்டத்தில் சிடியில் மட்டுமே உயிரோடு இருக்கும் குரல்கள் நிறைய. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்த மழைக்கு முன்னால் எடுத்துப் பாருங்கள்.

எழுதிய டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எழுதியதும் வெரிஃபை கொடுங்கள் (எழுதியது சரியாகப் படிக்கிறதா என்று மென்பொருளே ஒப்பிட்டுப் பார்க்கும்), அது குறைந்தபட்சம். மேலே போக விரும்புகிறவர்கள் நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற மென்பொருளில் பிழை எண்ணிப் பார்க்கலாம். எல்லா டிரைவும் அதற்கு ஒத்துழைக்காது, லைட்-ஆன் டிரைவ்கள் ஒத்துழைக்கும். சி1, சி2, பிஐ, பிஐஎஃப் என்பவை அது எண்ணிக் காட்டும் பிழை வகைகளின் பெயர்கள். சிடியில் சி2 பிழை பூஜ்யமாக இருக்க வேண்டும், சி1 நொடிக்கு 220ஐத் தாண்டக் கூடாது. டிவிடியில் பிஐ பிழை 280க்குள், பிஐஎஃப் 4க்குள். இவை தர விதிப்படியான மேல்வரம்புகள், நல்ல டிஸ்க் இவற்றின் பக்கமே வராது. முதல் நாள் எண்ணைக் குறித்து வைத்து, வருடம் ஒருமுறை பாருங்கள். எண் ஏறத் தொடங்கியதும் நகல் எடுத்துவிடுங்கள்.

புது அடுக்கு ஒன்று வாங்கினால் முதலில் இரண்டை மட்டும் எழுதிச் சோதித்துவிட்டு, பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.

பழைய இருப்பு பிளாங்க் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

எழுதாத டிஸ்க்கின் ஆயுள் ஐந்து முதல் பத்து வருடம் என்றுதான் மதிப்பிடுகிறார்கள், எழுதியதைவிடக் குறைவு. காரில் கேட்கப் பாட்டு எழுத வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்தநாளை அதில் எழுத வேண்டாம்.

எம்-டிஸ்க், புளூ-ரே இவற்றுக்குப் போகலாமா?

நீண்ட நாள் வைக்க என்றால் என் வாக்கு இவற்றுக்குத்தான். எம்-டிஸ்கில் கரிமச் சாயம் இல்லை, கல் போன்ற ஒரு படலத்தில் லேசர் செதுக்குகிறது. ஆயிரம் வருடம் என்று கம்பெனி சொன்னது, அதை யாரும் இருந்து பார்க்க முடியாது. ஆனால் சாயம் வெளுக்கும் தொல்லை இல்லை என்பது உண்மை. எம்-டிஸ்க் டிவிடியை எழுத அதற்கென்று குறி போட்ட ரைட்டர் வேண்டும், படிக்க சாதாரண டிரைவே போதும். புளூ-ரே ஒன்றில் 25 ஜிபி பிடிக்கும். அதிலும் எல்டிஎச் என்று போட்டது சாய வகை, அதை விட்டுவிட்டு மற்றதை வாங்குங்கள். பானசோனிக் 2023இலும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதும் புளூ-ரே தயாரிப்பை நிறுத்திவிட்டன. தேவை இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம், ஒரு நல்ல யுஎஸ்பி ரைட்டரையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.

எத்தனை நகல், எங்கெங்கே வைப்பது?

மூன்று. இரண்டு டிஸ்க், இரண்டும் வெவ்வேறு தொழிற்சாலைச் சரக்கு. ஒரே அடுக்கில் இருந்து எடுத்தால் ஒன்று கெடும்போது மற்றதும் கெடும். மூன்றாவது ஒரு ஹார்ட் டிஸ்க்கில். இவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் வீட்டோடு சேர்ந்து ஆல்பமும் டேப்பும் கடலுக்குப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கடற்கரை ஊர்க்காரர்கள் யார் வந்தாலும் ஒரு நகலை நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைக்கச் சொல்கிறேன். சொந்தக்காரர் இல்லை என்றவர்களுக்காக, பெயரும் தேதியும் எழுதி, என் கடை அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறேன்.